அறுபது கிலோவுக்கு மேற்பட்ட பெண்கள்

வீரத்தின் விலை எண்ணூற்றைம்பது ரூபாய். மதியச் சாப்பாடும் சான்றிதழும் அதிலேயே அடக்கம்.

சாந்தாமணி எழுநூறுக்குக் கேட்டுப் பார்த்தாள். கோத்தகிரி கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மனைவி. பேரம் பேசாமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

"அக்கா, இது குக்கர் இல்லீங்க. கராத்தே டோர்னமெண்ட்," என்றார் மாஸ்டர் பிரசாத்.

"குக்கருக்காவது அஞ்சு வருஷம் கேரண்டி குடுப்போமுங்க மாஸ்டர்."

முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் இரண்டு பிரிவு. அறுபது கிலோவுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. சாந்தாமணி அறுபத்தைந்து. மறைக்க வழியில்லை. வெள்ளைச் சீருடையில் பெல்ட்டும் கட்டிக்கொண்டு நின்றால், மைதா மூட்டையின் நடுவில் கயிறு போட்ட மாதிரி இருப்பதாக அவளே சொல்லிக்கொள்வாள்.

"சுமலதா எந்தப் பிரிவுங்க மாஸ்டர்?" என்று பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்க ஐம்பத்தேழு. கீழ்ப் பிரிவு. உங்க ரெண்டு பேருக்கும் மோதல் வராதுங்க. ஒரே ஊட்டு ஆளுங்க அடிச்சுக்க வேண்டியதில்லை, கவலைப்படாதீங்க."

சாந்தாமணிக்கு அந்த இடத்திலேயே எண்ணூற்றைம்பது ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா என்றிருந்தது.

போட்டியில் கலந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. பிள்ளைகளுக்குக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு. தபால் ஆபீசில் ஓய்வுபெற்ற லூயிஸ் சாருக்குச் சர்க்கரை. பிரசாத் மாஸ்டருக்கு, அதிக ஆட்களை அழைத்து வரும் பள்ளிக்குத் தரும் சுழற்கோப்பை. ஆனால் விண்ணப்பத்தில் அத்தனை பேரும் எழுதியது ஒரே சொல்: தன்னம்பிக்கை. சாந்தாமணியும் அதையே எழுதினாள். ஓரகத்தி சுமலதாவை நாலு பேர் முன்னால், நடுவர் விசில் அடித்து அனுமதி கொடுக்க, சட்டப்படி ஓங்கி ஒன்று விட வேண்டும் என்பதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

காரணம் ஒரு புகைப்படம்.

நான்கு வருடத்துக்கு முன் கடைக்கு மேலேயே இரண்டு மாடி எழுப்பினார்கள். முதல் மாடியில் அண்ணன் மயில்சாமியும் சாந்தாமணியும். இரண்டாவதில் தம்பி கணேசனும் சுமலதாவும். புதுமனை புகுவிழாவன்று, அன்னூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் வரிசையாக நிற்க, சுமலதா தன் போனைச் சாந்தாமணி கையில் வைத்தாள். "அக்கா, நீங்க எடுத்தாத்தான் நல்லா வருமுங்க்கா." பாராட்டில் மயங்கிச் சாந்தாமணியும் எடுத்தாள். மூன்று தடவை எடுத்தாள். எல்லாரையும் சிரிக்கச் சொல்லி எடுத்தாள்.

அந்தப் படம்தான் நாலடிக்கு மூன்றடியாகச் சட்டம் போடப்பட்டு, முதல் மாடிக் கூடத்தில் தொங்குகிறது. அதில் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். பந்தலுக்கு விளக்குப் போட்டவர்கூட இருக்கிறார். வீட்டின் மூத்த மருமகள் இல்லை. வாராவாரம் அதைத் துடைத்து வைப்பது மட்டும் அவள்.

இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால், "இதுக்குப் போயா வெசனப்படறே?" என்பார்கள். நாற்பத்து நாலு வயதில் இதற்குப் போய்த்தான் வெசனப்படுகிறோம் என்று அவளுக்கே தெரியும்.

பிள்ளைகளைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு, குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக் காத்திருந்த அம்மாக்களைப் பார்த்து, "சும்மா நடுங்கறதுக்கு உள்ள வந்து கையைக் காலை ஆட்டுங்களேன்" என்று பிரசாத் ஒருநாள் கூப்பிட்டார். முதலில் எழுந்தவள் சுமலதா. அவள் எழுந்த பிறகு சாந்தாமணி உட்கார்ந்திருக்க முடியுமா? அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தக் கலை.

இப்போது வழி என்ன? தான் ஐந்து கிலோ குறைவதைவிட அவளை மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றுவது சுலபம். போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. மறுநாள் காலையே சாந்தாமணி தங்கள் ஊர்ப் போளியான ஒப்பிட்டைச் சுட்டாள். நெய் கையில் வழிய, தட்டை மூடி எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறி மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

சுமலதாவின் கண்கள் விரிந்தன. "என்னங்க்கா இது, நோம்பியா?"

"நோம்பின்னாத்தான் சுடோணுமா? சாப்பிடு கண்ணு. பிராக்டீஸ் பண்ற உடம்பு."

அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒன்று. அரிசியும்பருப்பும் சாதத்தில் குழி பறித்து நெய், வெண்ணெய் தடவிய வர்க்கி, கடலை உருண்டை. இரண்டு வாரம் கழித்துப் பிரசாத் எடை பார்த்தார். சுமலதா ஐம்பத்தேழரை. அவள் புருசன் கணேசன்தான் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் கடைக்கு வந்தான்.

"அண்ணி, உங்க கையில என்ன மாயமுங்க! அவளுக்கு ஒண்ணு வெச்சுட்டு மீதியெல்லாம் நானே தின்னுபோடறேன்."

சரக்கு வேறு விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இனி நேரில் நின்று டெலிவரி கொடுக்க வேண்டியதுதான். சாந்தாமணி தானே மேலே போய், எதிரில் உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை நகராமல் இருந்தாள். உட்கார்ந்தால் பேச வேண்டும். பேசினால் சிரிக்க வேண்டும். நாலு வருடமாக "ம்" என்ற ஒரே எழுத்தில் குடும்பம் நடத்தியவள், மேல்வீட்டு சோபாவில் உட்கார்ந்து கேரட் விலையிலிருந்து மாதவிடாய் நிற்கும் பருவம்வரை பேசினாள்.

சுமலதாவும் வஞ்சகமில்லாமல் தின்றாள். "இன்னுங் கொஞ்சம் நெய் தூக்கலா இருந்தா நல்லாருக்குமுங்க்கா," என்று அவளே கேட்டும் வாங்கினாள்.

மீன் கொக்கியைக் கடித்துவிட்டது என்று சாந்தாமணிக்கு ஒரே பூரிப்பு.

மயில்சாமிக்கு அதைவிடப் பூரிப்பு. ராத்திரி சாப்பிடும்போது குரல் தழுதழுக்கச் சொன்னார். "ரெண்டு மருமகளும் இப்படி ஒத்துமையா இருக்கறதைப் பார்க்க எங்கம்மாளுக்குக் குடுத்து வெக்கலை, அம்மணி. அன்னூருக்குப் போன் போட்டு எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன்."

"ஏனுங்க, அதுக்குள்ள எதுக்குங்க சொன்னீங்க?"

"நல்லதைச் சொல்றதுக்கு என்ன? ஒறம்பரைக எல்லாம் போட்டி பார்க்க ஊட்டிக்கே வர்றாங்களாம். ஒரு வேன் பேசிட்டாங்க."

சாந்தாமணி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். அடிப்பதற்கு சாட்சி வேண்டும்தான். ஒரு வேன் நிறைய வேண்டுமென்று அவள் கேட்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் சுமலதா அறுபதைத் தொட்டாள். பிரசாத் அடுத்து சாந்தாமணியை ஏறச் சொன்னார். அறுபது புள்ளி நாலு.

"சூப்பருங்க்கா! இன்னும் அரைக் கிலோ போனா நீங்க கீழ்ப் பிரிவு!"

ஒரு நாளைக்கு ஆறு தடவை இருபத்திரண்டு படி. பகலெல்லாம் நெய் வாசனையிலேயே நின்று பசியும் செத்துப் போயிருந்தது. எதிரியை மேலே தள்ளிய வேகத்தில் அவள் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். இனி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். ஒரு தட்டு அங்கே, ஒரு தட்டு இங்கே.

அந்தச் சனிக்கிழமை மாஸ்டர் விதிமுறை வகுப்பு வைத்திருந்தார். "முதல் தடவை மோதறவங்க கட்டாயம் வரோணும்" என்று வாட்ஸ்அப்பில் இரண்டு முறை போட்டார். பெண்கள் வகுப்பில் அதுவரை அடித்ததெல்லாம் மாஸ்டர் பிடித்திருக்கும் மெத்தையைத்தான். ஆனால் சாந்தாமணி அடுப்பில் வெல்லக் கச்சாயம் போட்டிருந்தாள். எண்ணெய் காய்ந்துவிட்டது. அடிப்பதற்கு என்ன பெரிய விதிமுறை?

சாயந்திரம் மாடிப்படியில் சுமலதாவைப் பிடித்தாள். "வகுப்புல என்ன சொன்னாங்க அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்க்கா, எப்பவும் சொல்றதுதான். பயப்படாம அடிக்கோணும்னாங்க," என்றாள் சுமலதா, கச்சாயத்தை வாங்கிக்கொண்டே.

போட்டியன்று ஊட்டியில் மழை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபத்துக்கு நடப்பதற்குள் சீருடை தொப்பலாகிவிட்டது. உள்ளே ஈர ஸ்வெட்டர் வாசனையும், இருநூறு பிள்ளைகளின் கூச்சலும். மேல் வரிசையில் அன்னூர் வேன் முழுவதும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பார்சல் பிரித்து ஆளுக்கு ஒரு இட்லி கைமாறிக்கொண்டிருந்தது.

எடை மேசையில் ஆறுக்குட்டி. சங்கத்தின் கமிட்டி உறுப்பினர். மற்ற ஆறு நாளும் தேயிலைத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலையை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஏஜெண்ட். தராசும் அவருடையதே, தட்டின் ஓரத்தில் இலைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

சுமலதா ஏறினாள். "அறுபத்தொண்ணரை," என்றவர், அவள் ஈரத் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதினார். "அறுபதரை. அடுத்து."

சாந்தாமணி ஏறினாள். அறுபது புள்ளி எட்டு. ஆறுக்குட்டி எழுதியது ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு.

"ஏனுங்க, தராசுல ஒண்ணு காட்டுது, நீங்க ஒண்ணு எழுதறீங்க?"

"ஈரத்துக்கு ஒரு கிலோ கழிவுங்கம்மா."

"கழிவா? நான் என்ன தேயிலைங்களா?"

"நனைஞ்ச சரக்கு எதுவா இருந்தாலும் கழிவு உண்டுங்க. இருபத்தாறு வருஷமா இதே கைதான். இதுவரைக்கும் ஃபேக்டரியில இருந்து ஒரு புகார் வந்ததில்லை."

"அரைக் கிலோ கழிச்சுக்குங்க."

"இப்பத்தான் உங்க தங்கச்சிக்கு ஒண்ணு போட்டேன். ஆளுக்கு ஒரு நியாயம் வெக்க முடியாதுங்க."

"முக்காலுங்க. கடைசி விலை."

"ஏனுங்கம்மா, உலகத்துல எல்லாப் பொம்பளையும் கிலோவைக் குறைச்சு எழுதச் சொல்லித்தான் கெஞ்சுவாங்க. நீங்க ஏத்தச் சொல்லிச் சண்டை போடறீங்களே!"

பின்னால் வரிசை சிரித்தது. இரண்டு மாதம், எத்தனையோ கிலோ நெய், கணக்கில்லாத மாடிப்படி, எல்லாம் இருநூறு கிராமில் நழுவப் போகிறது. சாந்தாமணி இறங்கிப் போய், குடிநீர்க் கேனின் பக்கத்தில் நின்றாள். டம்ளர் டம்ளராக ஊற்றிக் குடித்தாள். ஊட்டித் தண்ணீர்; பல்லில் பட்டதும் உச்சந்தலைவரை கூசியது. பத்தாவது டம்ளரில் கண் இருண்டது. மறுபடி வந்து ஏறினாள்.

"அறுபத்திரண்டு புள்ளி ஆறு," என்றார் ஆறுக்குட்டி மரியாதையாக. "கழிவு போக அறுபத்தொண்ணு புள்ளி ஆறு. உள்ளுக்குள்ள இருக்கற ஈரத்துக்கு எங்க தொழில்ல கழிவு கிடையாதுங்க."

அறுபது கிலோவுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் இரண்டே பேர். நேராக இறுதிப் போட்டி.

சாந்தாமணி சிவப்புக் கையுறையோடு பாயில் ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் வயிற்றுக்குள் குடம் தளும்பியது. சீக்கிரம் முடித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓட வேண்டும். எதிரில் நீலக் கையுறையோடு சுமலதா, கல்யாணத்துக்கு வந்தவள் போலச் சிரித்துக்கொண்டு நின்றாள். நடுவர் கையைக் காற்றில் வெட்டி ஆட்டத்தைத் தொடங்கினார்.

சாந்தாமணி நாலு வருடத்தையும் வலது கையில் கொண்டுவந்து ஒன்று விட்டாள். நேராகக் கன்னத்தில். என்ன ஆச்சரியம், சுமலதா கையைத் தூக்கக்கூட இல்லை. 'தொம்' என்ற அந்தச் சத்தம் சாந்தாமணிக்குக் காதில் தேனாக இறங்கியது.

விசில். நடுவர் சாந்தாமணியைச் சுட்டி ஒரு விரலைக் காட்டினார்.

"ஒரு பாயிண்ட்டுங்களா?" என்றாள் மூச்சு வாங்க.

ஓரத்திலிருந்து பிரசாத் தலையில் கை வைத்துக் கத்தினார். "வார்னிங்குங்க்கா! முகத்துல படக் கூடாது! முன்னாடியே நிறுத்தோணும்! தொடாம அடிங்க!"

"தொடாம எப்படிங்க அடிக்கறது?"

"அதைத்தானுங்க்கா சனிக்கிழமை சொல்லிக்குடுத்தேன்! மூணு தடவை பட்டா அவுட்டு!"

சாந்தாமணி சுதாரித்தாள். சரி, ஒன்று விழுந்துவிட்டது, அது போதும். இனி நாகரிகமாக ஆடலாம். மறுபடி ஆட்டம் தொடங்கியது. இரண்டு பேரும் வட்டம் சுற்றினார்கள். அருகில் வந்தபோது சுமலதா, நடுவருக்குக் கேட்காத குரலில், பாசமாகச் சொன்னாள்:

"அக்கா, மெடல் குடுக்கறப்ப ஒரு போட்டோ எடுக்கோணும். நீங்களே எடுத்துக் குடுத்துருங்க. நீங்க எடுத்தாத்தான் நல்லா வரும்."

தொம்.

இரண்டாவது விரல். மேல் வரிசையில் மயில்சாமி எழுந்து, "பாசமா அடி, அம்மணி!" என்றார். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அன்னூர் வேன் இட்லியை நிறுத்தியது.

நிதானம், நிதானம் என்று சாந்தாமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். சுமலதா முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, "போனைக் குறுக்கால படுத்தி எடுங்க்கா. அப்பத்தான் எல்லாரும் தெரிவாங்க," என்றாள்.

மூன்றாவதுதான் இருப்பதிலேயே அழகாக விழுந்தது. அதற்குச் சாந்தாமணியே கண்ணை மூடிக்கொண்டாள், சுகத்தில்.

நடுவர் அவளைப் பாயின் ஓரத்துக்குப் போகச் சொல்லி, சுமலதாவின் கையை உயர்த்தினார். அடித்தவள் வெளியே, அடி வாங்கியவளுக்குத் தங்கம். ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் கை குலுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். சுமலதா சிவந்த கன்னத்தோடு கையை விரித்து வந்தாள். சாந்தாமணியும் கட்டிக்கொண்டாள். தட்டிக்கொடுப்பது போல முதுகில் ஒரே ஒரு தட்டு. அந்த அதிர்வில் மேசைமேல் இருந்த விசில் உருண்டு கீழே விழுந்தது. இதற்கு யாரும் விரல் காட்டவில்லை.

கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது வயிற்றோடு கோபமும் காலியாகியிருந்தது. மேடையில் சுமலதா, ஒரு கன்னத்தில் ஐஸ் பொட்டலமும் கழுத்தில் தங்கமுமாக நின்றாள். அன்னூர் உறவு முழுக்க அவளைச் சுற்றி நின்று, "எத்தனை பொறுமை! திருப்பி ஒரு அடி அடிக்கலையே, தங்கம்!" என்றது. சாந்தாமணியைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கம்பளியைச் சரிசெய்துகொண்டார்கள்.

ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கண் கலங்கியது. ஒரு போட்டோவுக்காக ஒரு பெண்ணைப் பிடித்து, ஊட்டி வளர்த்து, கூட்டிவந்து அடித்திருக்கிறோம். பலி ஆட்டைக்கூட யாரும் கச்சாயம் கொடுத்து ஏமாற்றுவதில்லை.

மனிஷா மதிப்பெண் தாளில் கையெழுத்து வாங்க வந்தாள். வங்கியில் கேஷியர், கருப்பு பெல்ட், பெண்கள் வகுப்பில் பிரசாத்துக்கு அடுத்தபடி அவள்தான்.

"என்னங்க்கா, அழுவறீங்களா?"

"அவ ஒதுங்கக்கூட இல்லை மனிஷா. வாயில்லாப் பூச்சி மாதிரி நின்னு வாங்கினா. நானெல்லாம் ஒரு பொம்பளையா? இப்பவே போய் அவ காலைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுப்போடறேன்."

மனிஷா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க்கா. ஒண்ணரை மாசமா, பேங்க் முடிஞ்சதும் அவங்க எங்கிட்டத் தனியா கிளாஸ் வந்தாங்க. அடிக்கறதுக்கு இல்லீங்க. முகத்துக்கு நேரா கை வந்தா கண்ணை மூடாம, ஒதுங்காம நிக்கறதுக்கு."

சாந்தாமணியின் கண்ணீர் கன்னத்துப் பாதியில் நின்றது.

"கீழ்ப் பிரிவுல ஒரு போலீஸ்காரம்மா பேர் குடுத்திருந்தாங்க. அதைப் பார்த்த அன்னிக்கே, எப்பாடுபட்டாவது அறுபதைத் தாண்டிடறேன்னாங்க. 'மேல எங்கக்கா மட்டுந்தான். மூணு அடி வாங்கினாப் போதும், தங்கம்'னாங்க."

மேடையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சுமலதா மெடல் ஆட, ஒரு கையைப் பின்னால் வளைத்து, எட்டாத இடத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மனிஷா தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"மூணுக்குத் தங்கம் வந்துருச்சுங்க்கா. அந்த நாலாவதுக்குத்தான் அவங்களுக்கு இன்னும் ஒண்ணும் வரலை."